அரசன் பெயர் எழுதிய சுவர்

சரித்திரக் கதை எழுதுகிறவர்களுக்கு ஒரு கெட்ட வழக்கம் உண்டு. பழைய கட்டடம் ஒன்றைக் கண்டால், இது எந்த நூற்றாண்டு, எத்தனை தூண், தூணுக்கு எத்தனை பட்டை என்றெல்லாம் விசாரிப்பதற்கு முன்னால், "இதைக் கட்டியவன் என்ன ஆனான்?" என்று கேட்டுவிடுவார்கள். பெரும்பாலும் பதில் சுவாரசியமாக இராது. கட்டினான், கிழவனானான், இறந்தான், அவன் பிள்ளை வந்து இன்னொரு வாசலைச் சேர்த்துக் கட்டினான். அவ்வளவுதான். ஆனால் எப்போதாவது ஒரு கட்டடம் அந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்லாமல் நம்மைச் சற்று நேரம் உட்கார வைத்துவிடும். அப்படி ஒரு கட்டடத்துக்கு நேயர்களை அழைத்துப் போகலாம் என்று நினைக்கிறேன். பிரயாணச் செலவு கிடையாது. பாஸ்போர்ட்டும் வேண்டாம்.

ஸ்பெயின் தேசத்தின் தலைநகரான மாட்ரிட்டிலிருந்து தெற்கே நாற்பத்தைந்து மைல் தூரத்தில் டொலேடோ என்ற நகரம் இருக்கிறது. ஒரு பெரிய பாறைக் குன்று. அதை மூன்று பக்கமும் தாகோ நதி வளைத்துக்கொண்டு ஓடுகிறது. குன்றின்மேல், ஒன்றன் தோள்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்தாற்போல் வீடுகள். உலகம் முழுவதும் ஒரு காலத்தில் டொலேடோ என்றால் வாள் என்று அர்த்தம். அவ்வளவு பெயர் பெற்றது அந்த ஊர் எஃகு. ஆனால் படித்தவர்களுக்கு அந்த ஊர் வேறொரு காரணத்தால் பெயர் பெற்றிருந்தது. 1085-ல் கிறிஸ்தவ மன்னன் ஆறாம் அல்போன்ஸோ முஸ்லிம்களிடமிருந்து நகரத்தைக் கைப்பற்றிய பிறகும், முஸ்லிம்களும் யூதர்களும் கிறிஸ்தவர்களும் அந்தக் குன்றின்மேல் சேர்ந்து வாழ்ந்தார்கள். அரபு நூல்களை அங்கேதான் லத்தீனிலும் ஸ்பானிய மொழியிலும் பெயர்த்தார்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டில் பத்தாம் அல்போன்ஸோ மன்னன் தயாரிக்கச் செய்த வான சாஸ்திர அட்டவணைகளை இரண்டு யூத அறிஞர்கள்தான் வகுத்துக் கொடுத்தார்கள். ஐரோப்பா முழுவதும் பல தலைமுறைகள் கிரகங்களின் போக்கை அந்த அட்டவணையைப் பார்த்துத்தான் கணித்தது.

நகரத்தின் மேற்குப் புறத்தில் பழைய யூதர் சேரி. அங்கே ஒரு குறுகிய தெருவில் வெளிப் பார்வைக்குச் செங்கல்லும் கல்லும் கலந்து கட்டிய ஒரு சாதாரணச் சுவர் நிற்கிறது. ஏதோ தானியக் கிடங்கு போலும் என்று எண்ணிக்கொண்டு நாம் கடந்து போய்விடுவோம். உள்ளே நுழைந்தால்தான் திகைப்பு.

ஒரே நீண்ட மண்டபம். சுமார் எழுபத்தைந்து அடி நீளம், முப்பது அடி அகலம், நாற்பது அடி உயரம். நடுவில் ஒரு தூண் கிடையாது. மேலே மரத்தால் இழைத்த விதானம். சுவர்களின் மேற்பகுதி முழுவதும் சுண்ணச் சாந்தில் செதுக்கிய கொடிகளும் இலைகளும் பின்னல்களும். ஜன்னல்களில் வெயிலைச் சல்லடையாக்கி உள்ளே விடும் பலகணிகள். இந்த வேலைப்பாடெல்லாம் முஸ்லிம் கலைஞர்களின் மரபு. கிரனாடாவின் அல்ஹம்ப்ரா மாளிகைப் படங்களைப் பார்த்தவர்கள், 'அதன் தங்கை இங்கே இருக்கிறாளே!' என்று சொல்லுவார்கள். கொடிகளுக்கு நடுவே காஸ்டீல் ராஜ்யத்தின் கோட்டைச் சின்னமும் லியோன் ராஜ்யத்தின் சிங்கச் சின்னமும் தெரிகின்றன. அவை கிறிஸ்தவ மன்னனின் இலச்சினைகள். அலங்காரத்தோடு அலங்காரமாக அரபு எழுத்துக்களும் உண்டு. இவற்றுக்கெல்லாம் மேலே, விதானத்துக்கு அடியில், மண்டபத்தைச் சுற்றிலும் பட்டையாக ஓடுகின்றன ஹீப்ரு எழுத்துக்கள். அவை தாவீதின் சங்கீதங்கள்.

கிழக்குச் சுவரில் மூன்று வளைவுகள். தோரா என்னும் வேதச் சுருள்களை வைக்கும் இடம் அது. தெற்குப் புறம் மாடியில் பெண்கள் இருந்து வழிபடுவதற்குத் தனி மாடம். ஆம், இது யூதர்களின் ஜெபாலயம். ஆனால் ஊரில் இதன் பெயரைக் கேட்டால் 'எல் டிரான்சிட்டோ' என்பார்கள். கன்னி மரியாள் இவ்வுலகத்தை விட்டு மறைந்ததைக் குறிக்கும் சொல் அது. யூதர் கோயிலுக்கு மரியன்னையின் பெயர் வந்தது எப்படி என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில், நம் பழைய கேள்வி. இதைக் கட்டியவர் யார்? அவர் என்ன ஆனார்?

கட்டியவர் பெயர் சாமுவேல் ஹலேவி. காஸ்டீல் மன்னன் பெட்ரோவின் தலைமைப் பொக்கிஷதார்.

பெட்ரோ 1350-ல் சிம்மாசனம் ஏறியபோது அவனுக்கு வயது பதினைந்து. தகப்பன் பதினோராம் அல்போன்ஸோ ஜிப்ரால்டர் முற்றுகையில் கொள்ளை நோய்க்குப் பலியானவன். போகும்போது மகனுக்கு ராஜ்யத்தை மட்டுமா விட்டுப் போனான்? ஆசைநாயகியிடம் பிறந்த பிள்ளைகளின் கூட்டம் ஒன்றையும் விட்டுப் போனான். அவர்களில் முக்கியமானவன் என்ரிக்கே. தம்பியின் கிரீடத்தின்மேல் அண்ணனுக்குக் கண். பெட்ரோ சும்மா இருந்தானா என்றால், அதுவும் இல்லை. பிரெஞ்சு ராஜ குடும்பத்துப் பெண்ணான பிளான்ஷை 1353-ல் கல்யாணம் செய்துகொண்டு, சில நாளிலேயே அவளை விட்டுவிட்டு, காதலி மரியா தே படில்யாவிடம் ஓடிப் போனான். பிரபுக்களுக்கு இது போதாதா? அடுத்த வருஷமே அரசனைத் டோரோ என்ற ஊரில் பிடித்து வைத்துக்கொண்டார்கள். மரியாதையான சிறை. ஒரு நாள் காலையில் மூடுபனியாக இருந்தது. வேட்டைக்குப் போகிறேன் என்று அரசன் குதிரை ஏறினான். ஏறியவன் திரும்பவில்லை. அன்று அவனோடு தப்பி ஓடியவர்களில் சாமுவேலும் ஒருவர்.

நாவல் எழுதுகிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? பனி மூட்டம், இரண்டு குதிரைகள், இருபது வயது அரசன், பக்கத்தில் அவனுடைய கணக்குப் புத்தகத்தை மனத்திலேயே சுமந்து வரும் யூத மந்திரி! கற்பனையே தேவையில்லை. பெரோ லோபெஸ் தே அயாலா என்ற பிரபு எழுதி வைத்துவிட்டார். அயாலா அந்தக் காலத்திலேயே வாழ்ந்தவர். பெட்ரோவிடம் ஊழியம் பார்த்தவர். பிறகு என்ரிக்கேயின் கட்சிக்குப் போய்விட்டவர். ஆகையால் பெட்ரோவைப் பற்றி அவர் சொல்வதைச் சற்று உப்புப் பார்த்துத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். 'கொடியவன் பெட்ரோ' என்று பகைவர்களும், 'நீதிமான் பெட்ரோ' என்று வேண்டியவர்களும் சொன்ன மனிதனின் கதையை, கட்சி மாறியவர் எழுதியிருக்கிறார்!

அயாலா சொல்லும் இன்னொரு காட்சி. அரசன் ஒரு நாள் பிரபுக்களோடு சொக்கட்டான் ஆடிக்கொண்டிருக்கிறான். பக்கத்தில் கொஞ்சம் பொன் இருக்கிறது. 'என்னுடைய பொக்கிஷம் முழுவதும் இவ்வளவுதான்' என்கிறான் சிரித்துக்கொண்டே. சாமுவேல் அப்போது வாய் திறக்கவில்லை. இரவு தனியாக அரசனிடம் போகிறார். எல்லோர் முன்னிலையிலும் சொன்ன அந்த வார்த்தை தமக்கு அவமானம் என்கிறார். இரண்டு கோட்டைகளைத் தம் வசம் ஒப்புவித்தால், கொஞ்ச காலத்தில் அவற்றைப் பொன்னால் நிரப்பிக் காட்டுவதாக வாக்குக் கொடுக்கிறார்.

ட்ருஹீயோ, ஈத்தா என்ற இரு கோட்டைகள் அவர் வசம் வந்தன. சாமுவேல் புதிய வரி ஒன்றும் போடவில்லை. ராஜ்யத்தில் வரி வசூலிக்கிற குத்தகைக்காரர்களையெல்லாம் கூப்பிட்டு, 'கணக்குக் காட்டு' என்றார். அரசன் யார் யாருக்குப் பணம் கொடுக்கும்படி உத்தரவு போட்டிருந்தானோ, அவர்களுக்கெல்லாம் பாதியைக் கொடுத்துவிட்டு, மீதியை இவர்கள் பையில் போட்டுக்கொண்டது வெளிப்பட்டது. விழுங்கியதைக் கக்க வைத்தார். கோட்டைகள் நிரம்பின. எந்த ராஜ்யத்திலும், எந்தக் காலத்திலும், இப்படி வேலை செய்த அதிகாரிக்கு எத்தனை சத்துருக்கள் ஏற்பட்டிருப்பார்கள் என்பதை நேயர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

இனி, ஆண்டுகளைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். 1355-ல் என்ரிக்கேயின் படை டொலேடோவுக்குள் புகுந்தது. யூதர்கள் கடை வைத்திருந்த அல்கானா என்ற பகுதியைக் கொள்ளையிட்டது. ஆயிரத்து இருநூறு பேர் ஆணும் பெண்ணும் குழந்தையுமாக வெட்டுண்டார்கள் என்று அயாலாவே எழுதுகிறார். தம் தலைவரின் படை செய்ததைத்தான் எழுதுகிறார் என்பதால், இதை நம்பலாம். பெரிய சேரிக்கு மதில் இருந்தது. ஆகையால் அங்கே இருந்தவர்கள் எதிர்த்து நின்று பிழைத்தார்கள். பெட்ரோ வந்து சேர்ந்ததும் பகைவர்கள் ஓடினார்கள்.

சாமுவேல் ஹலேவியின் ஜெபாலயம் எழுந்தது 1357-ஆம் ஆண்டு வாக்கில். அதாவது, அந்தப் படுகொலை நடந்து இரண்டே வருஷத்தில்.

காஸ்டீலின் பழைய சட்டப்படி யூதர்கள் அரசன் அனுமதி இல்லாமல் புதிய ஜெபாலயம் கட்டக் கூடாது. இடிந்ததைத் திரும்பக் கட்டலாம். ஆனால் முன்னைவிட உயர்த்தக் கூடாது, விரிக்கக் கூடாது, வர்ணம் பூசக் கூடாது. இந்த மண்டபமோ நாற்பது அடி உயரத்தில், வர்ணமும் சித்திர வேலையுமாக நிற்கிறது. அரசன் கண்ணை மூடிக்கொண்டிருந்தாலொழிய இது நடந்திருக்காது. அரசன் கண்ணை மூடிக்கொண்டதற்குச் சுவரிலேயே ரசீது இருக்கிறது. வேத பீடத்தின் இரு பக்கமும் பதித்த ஹீப்ரு சாசனங்களில் சாமுவேலின் புகழைச் சொல்லியிருக்கிறது. கூடவே அரசன் பெட்ரோவின் மெய்க்கீர்த்தியும் இருக்கிறது. அவன் வெற்றி பெற வேண்டும், கடவுள் அவனுக்குத் துணை நிற்க வேண்டும் என்ற பிரார்த்தனையும் இருக்கிறது.

இது முகஸ்துதி என்று தள்ளிவிடுவது சுலபம். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். பிறகு ஒரு சந்தேகம் தோன்றியது. முகஸ்துதி செய்கிறவன், ஸ்துதிக்கப்படுகிறவனுக்குப் புரியும் பாஷையில் அல்லவா செய்வான்? அரசன் ஒரு நாள் இங்கே வந்து நின்று, ஹீப்ரு எழுத்தைக் கூட்டிப் படித்திருப்பான் என்று எனக்குத் தோன்றவில்லை. அந்த எழுத்தைப் படித்தவர்கள் யார்? வாராவாரம் சனிக்கிழமை அந்த மண்டபத்தில் வந்து நின்றவர்கள். அல்கானாவில் தகப்பனைப் பறிகொடுத்த மகன், மாடத்தில் நின்ற விதவை, மதிலுக்குப் பின்னால் இரவெல்லாம் கல்லும் கையுமாகக் காத்திருந்த வாலிபன். அவர்களுக்காக எழுதியதுதான் அது. 'பயப்படாதீர்கள். நமக்கு ஓர் அரசன் இருக்கிறான். அவன் பெயர் நம் வீட்டுச் சுவரிலேயே இருக்கிறது, பாருங்கள்' என்று சாமுவேல் தம் ஜனங்களுக்குச் சொன்ன தைரியம் அது.

'அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்டாளாம்' என்று நம்மிடையே ஒரு பழமொழி உண்டு. சாமுவேலைப் பார்த்து அதைச் சொல்ல முடியாது. கைவிடுவதற்கு அவரிடம் வேறு யாரும் இருக்கவில்லை. அந்தக் காலத்துச் சட்டத்தில் யூதன் என்றால் அரசனின் உடைமை. நகரத்தார் அவனுக்குச் சொந்தமில்லை. பிரபுக்கள் அவனுக்குத் துணையில்லை. மாதா கோயில் அவனுக்குச் சத்துரு. மேலே அரசன் என்ற ஒரே ஒரு குடை. அந்தக் குடையைப் பிடித்திருக்கும் கை என்றைக்கும் ஒரே மாதிரி இருக்கும் என்று நம்புவதைத் தவிர வேறு வழியில்லை.

அந்தக் கை 1360-ல் மடங்கியது.

ஜெபாலயம் எழுந்து மூன்று வருஷந்தான் ஆகியிருந்தது. அரசன் உத்தரவின் பேரில் சாமுவேலையும் அவர் உறவினர்களையும் பிடித்தார்கள். அவருடைய பொன், வெள்ளி, பட்டுப் பீதாம்பரம் எல்லாவற்றையும் பறிமுதல் செய்தார்கள். ஸெவில் நகரத்துக்குக் கொண்டுபோய், இன்னும் எங்கேயோ ஒளித்து வைத்திருக்கிறார் என்று சித்திரவதை செய்தார்கள். அந்த வதையிலேயே அவர் உயிர் போயிற்று. காரணம்? கணக்குக் கேட்கப்பட்டவர்கள் கோள் சொன்னார்களோ, யுத்தச் செலவுக்கு அரசனுக்குப் பணம் வேண்டியிருந்ததோ, இரண்டுமோ. பொக்கிஷத்தை நிரப்பியவர் வீட்டிலும் கொஞ்சம் நிரம்பித்தான் இருந்தது. அதை அரசன் பார்த்துவிட்டான். சொக்கட்டான் ஆட்டத்தில் இது ஒரு காய் நகர்த்தல்.

'அரசன் அன்று கொல்லும், தெய்வம் நின்று கொல்லும்' என்று நம் பாட்டிமார் இந்த இடத்தில் சொல்லுவார்கள். அவர்கள் வாக்குப் பலிக்கவும் செய்தது. என்ரிக்கே பிரெஞ்சுக் கூலிப் படையைச் சேர்த்துக்கொண்டு திரும்ப வந்தான். பெட்ரோவை 'யூதர்களின் ராஜா' என்று ஏசினார்கள். அவனே ராஜ குமாரன் அல்ல, தொட்டிலில் மாற்றி வைத்த யூதக் குழந்தை என்றுகூடக் கதை கட்டினார்கள். தன்னுடைய யூத மந்திரியைச் சித்திரவதை செய்து கொன்ற அரசனுக்குக் கிடைத்த பட்டம் இது! 1369-ஆம் வருஷம் மார்ச்சு மாதம் மோந்தியேல் என்ற இடத்தில், ஒரு கூடாரத்துக்குள், அண்ணன் கையாலேயே குத்துண்டு பெட்ரோ மாண்டான்.

ஆனால் பாட்டியின் நீதியில் எனக்கு ஒரு குறை. அந்த யுத்தத்தில் டொலேடோ நகரம் பெட்ரோவின் பக்கம் நின்று நெடுநாள் முற்றுகையில் கிடந்தது. பஞ்சத்தில் யூதர் சேரி பாதி அழிந்தது. சுவரில் அரசன் பெயரை வாசித்துத் தைரியம் அடைந்தவர்கள் அவர்கள்தானே? அவர்கள் செய்த குற்றம் என்ன? தெய்வம் நின்று கொன்றபோது, அரசன் ஒருவனோடு நிறுத்திக்கொள்ளவில்லை.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1391-ல் ஸெவில் நகரத்தில் ஒரு பாதிரியார் வருஷக் கணக்கில் செய்து வந்த துவேஷப் பிரசங்கம் தீயாகப் பற்றி, ஊர் ஊராகப் பரவி, டொலேடோவையும் எரித்தது. ஏராளமானோர் மாண்டார்கள், அதைவிட ஏராளமானோர் ஞானஸ்நானம் பெற்று உயிர் தப்பினார்கள். அதற்கு நூறு வருஷம் கழித்து, 1492-ஆம் வருஷம் மார்ச்சு 31-ஆம் தேதி, பெர்டினாண்டும் இஸபெல்லாவும் கையெழுத்திட்டார்கள்: யூதர்கள் மதம் மாற வேண்டும், இல்லாவிட்டால் நாலு மாதத்தில் தேசத்தை விட்டு வெளியேற வேண்டும். அதே வருஷத்தில்தான் கொலம்பஸும் கப்பல் ஏறினார். போனவர்கள் மொராக்கோவுக்கும் துருக்கிக்கும் சலோனிகாவுக்கும் போனார்கள். அவர்கள் வழி வந்தவர்களில் சிலர் பதினாறாம் நூற்றாண்டில் கொச்சிக்கே வந்து சேர்ந்தார்கள். 1568-ல் கட்டிய கொச்சி ஜெபாலயத்துக்குப் 'பரதேசி' என்ற பெயர் அப்படித்தான் ஏற்பட்டது. டொலேடோ வீட்டின் சாவியைப் பேரன் பேத்திகளுக்குக் கொடுத்து வைத்த குடும்பங்களைப் பற்றிக் கதைகள் உண்டு. சாவியைப் பற்றி எனக்குத் தெரியாது. ஆனால் 'டொலேடானோ' என்ற குடும்பப் பெயரை இன்றும் வைத்துக்கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள்.

1494-ல் மண்டபத்தைக் காலத்திராவா என்ற துறவி வீரர் சபைக்குக் கொடுத்தார்கள். ஜெபாலயம், புனித பெனிட்டோ மாதா கோயிலாயிற்று. பெண்கள் மாடத்தில் சபையின் தஸ்தாவேஜுகளை அடுக்கினார்கள். தரையில் வீரர்களைப் புதைத்தார்கள். பதினாறாம் நூற்றாண்டின் நடுவில் ஹுவான் கொரேயா தே விவார் என்ற ஓவியர் மரியன்னை மறையும் காட்சியை எழுதிக் கொடுத்தார். அந்தப் படத்தின் அழகில் மயங்கி, ஜனங்கள் கோயிலையே 'டிரான்சிட்டோ' என்று அழைக்கத் தொடங்கினார்கள். படம் இப்போது மாட்ரிட்டில், பிராடோ சித்திரசாலையில் இருக்கிறது. பெயர் மட்டும் இங்கேயே தங்கிவிட்டது.

இத்தனை நடந்தும், சுவரின் மேலே ஓடிய அந்த ஹீப்ரு எழுத்துக்களை ஏன் யாரும் சுரண்டவில்லை? எனக்கு ஒரு காரணம் தோன்றுகிறது. அவை தாவீதின் சங்கீதங்கள். கீழே நின்ற துறவிகள் தினந்தோறும் லத்தீனில் பாடியதும் தாவீதின் சங்கீதங்களைத்தான். மேலே ஒரு பாஷையில் எழுதியிருந்ததையே கீழே இன்னொரு பாஷையில் பாடிக்கொண்டிருந்தார்கள். அண்ணாந்து பார்த்தவர்களுக்கு அது வெறும் பூவேலையாகத் தெரிந்திருக்கலாம். பூவேலையோடு பூவேலையாக அந்த வார்த்தைகள் இருநூற்றைம்பது வருஷத்துக்கு மேல் காத்திருந்தன.

1752-ல் பிரான்ஸிஸ்கோ பெரெஸ் பாயர் என்ற ஹீப்ரு அறிஞர் அந்தச் சாசனங்களை நிதானமாக ஆராய்ந்து ஒரு நூலே எழுதினார். பின்னர் நெப்போலியன் யுத்தத்தில் மண்டபத்துக்குச் சிப்பாய்கள் குடிவந்தார்கள். 1877-ல் அரசாங்கம் அதைத் தேசியச் சின்னமாக அறிவித்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேகா-இன்க்லான் என்ற பிரபு முயன்று செப்பனிட வைத்தார். 1964-ல் அதை ஸ்பானிய யூதர்களுக்கான மியூசியமாக்க உத்தரவாகி, 1971-ல் மியூசியம் திறக்கப்பட்டது. இதற்கு நடுவில், 1968-ல், பழைய வெளியேற்ற உத்தரவு செல்லாது என்று ஸ்பெயின் முறைப்படி அறிவித்தது. 2015-ல் இன்னொரு சட்டம் வந்தது. 1492-ல் துரத்தப்பட்டவர்களின் சந்ததியார் பிரஜா உரிமை கேட்டு மனுப் போடலாம் என்றது. 2019 வரையில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் மனுப் போட்டார்கள்.

ஒரு லட்சம் மனுக்கள்! அவர்களில் எத்தனை பேர் ஸ்பெயினுக்குப் போய்க் குடியிருக்க எண்ணியிருப்பார்கள்? அதைப் பற்றி என்ன? அந்த மனுவுக்கும் சாமுவேலின் சாசனத்துக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் நினைத்துப் பார்க்கிறேன். சாமுவேல் ஓர் அரசனின் தயவைக் கேட்டுச் சுவரில் அவன் பெயரை எழுதினார். மனுப் போட்டவன் எந்த அரசனையும் புகழ வேண்டியிருக்கவில்லை. தன் வம்சத்தைக் காட்ட வேண்டியிருந்தது. தயவுக்கும் உரிமைக்கும் நடுவில் இருக்கும் தூரத்தைக் கடக்க அறுநூற்று ஐம்பது வருஷம் பிடித்திருக்கிறது.

சாமுவேல் ஹலேவி என்ன ஆனார் என்ற கேள்விக்கு அயாலா பதில் சொல்லிவிட்டார். அவர் சொல்லாத ஒன்று உண்டு. ஸெவில் சிறையில், கடைசி நாளில், டொலேடோவில் தாம் எழுதி வைத்த அந்தப் பெயர் சாமுவேலுக்கு ஞாபகம் வந்ததா? கதை எழுதுகிறவன் என்ற உரிமையில் அந்தக் காட்சியை நான் எழுதிவிடலாம்தான். பலமுறை பேனாவை எடுத்தும் இருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் அந்த மண்டபத்தில் சனிக்கிழமை காலையில் நின்றுகொண்டு, சுவரை அண்ணாந்து பார்த்து, அந்தப் பெயரைப் பக்கத்திலிருந்த குழந்தைக்கு வாசித்துக் காட்டிய ஒரு தாயின் முகந்தான் முன்னால் வருகிறது. பேனாவைக் கீழே வைத்துவிடுகிறேன்.